உட்கார மறுத்த கால்கள்

"பத்து நிமிசம் சேர்ந்தாப்புல ஒரு எடத்துல உக்காரத் தெரியல. இது ஊர்க் கூட்டத்துல உக்காந்து எழுதப் போவுதாக்கும்!"

என் தாய்மாமன் இதைச் சொன்னது போன வருடம், மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில். என்னிடம் சொல்லவில்லை. என் அம்மாவிடம், எனக்குக் காதில் விழும்படி சொன்னார். எங்கள் ஊரில் ஒருவரை மரியாதையாகத் திட்டுவதென்றால் இப்படித்தான்.

விஷயம் இதுதான். ஊர்க் கூட்டத்தின் முடிவுகளை எழுதி வந்தவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். படித்த பையன்கள் எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசல் மிதித்த முதல் ஆள். பி.காம். முடித்துவிட்டு, பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஊர்த் தலைவர் வீட்டுக்கே வந்து நைனாவிடம் கேட்டார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆண்கள் மட்டுமே உட்காரும் கூடத்தில் ஒரு பெண்ணுக்குப் பாய் போடுவது அதுதான் முதல் தடவை. நைனா தலையைச் சொறிந்து யோசிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

மாமா சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. சாயங்காலம் ஆனால் என் கால்கள் என் பேச்சைக் கேட்காது. உட்கார்ந்தால் போதும், முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில், நண்டுக்குஞ்சுகள் கூட்டமாக ஊர்வது போல் இருக்கும். காலை உதறினால், எழுந்து நாலு எட்டு நடந்தால் நின்றுவிடும். திரும்ப வந்து உட்கார்ந்தால் திரும்பவும் ஊரும். படுத்தால் இன்னும் மோசம்.

இதை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "வலிக்குதா?" என்பார்கள். இல்லை. "அரிக்குதா?" இல்லை. "மரத்துப் போவுதா?" அதுவும் இல்லை. "அப்புறம் இன்னாதான் பண்ணுது?" "ஆட்டணும் போல இருக்குது." அவ்வளவுதான், கேட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். வலி என்றால் பாவம் பார்ப்பார்கள். ஆட்ட வேண்டும் போல் இருக்கிறது என்றால் திமிர் என்பார்கள். பெண்பிள்ளை காலாட்டினால் வீடு விளங்காது என்று சின்ன வயதிலிருந்து முழங்காலில் அடி வாங்கியவள் நான்.

கல்லூரிக்குப் போன காலத்தில், பொன்னேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அடித்துப் பிடித்து இடம் பிடிப்பேன். பாதி வழியில் கால் குடையும். எழுந்து, பக்கத்தில் நிற்கும் மீன்கூடைக்கார அம்மாவுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவேன். "தங்கமான பொண்ணு" என்று ஊர் முழுக்கப் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமும் இல்லை, தகரமும் இல்லை, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரியில் இறாலும் மீனும் நன்றாகப் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று எங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவனுக்கென்று தனிப் பாடு உண்டு. அதைத் தலைவர் கூட்டத்தில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். மறுப்பு உள்ளவர் அப்போது பேச வேண்டியதில்லை, எழுந்து நின்றால் போதும். எல்லோரும் உட்கார்ந்திருந்தால் சம்மதம் என்று பொருள். ஒரே ஒருவர் எழுந்துவிட்டாலும் அறிவிப்பு அங்கேயே நின்றுபோகும். சண்டை சச்சரவு பெரிதாகாமல் இருக்க யாரோ புத்திசாலிகள் செய்து வைத்த ஏற்பாடு. உட்கார முடியாத ஒருத்தி கூடத்துக்குள் வருவாள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

என் முதல் கூட்டம். அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்க் கூடத்தில், விளக்குப் போட்ட பிறகு எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். நான் தலைவருக்குப் பக்கத்தில். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்த வரையில் கால் சும்மா இருந்தது. நடுவில் இரண்டு பேர் அறுந்துபோன வலை ஒன்றைப் பற்றிய பழைய தகராறை எடுத்துக்கொண்டார்கள். அது எழுத்தில் ஏறாத தகராறு. பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது ஆரம்பித்தது.

கட்டைவிரலைப் பாயில் ஊன்றி அழுத்தினேன். தாவணி மறைவில் தொடையைக் கிள்ளினேன். பல்லைக் கடித்தேன். ஒருவழியாகத் தகராறு முடிந்து, தலைவர் அடுத்த அறிவிப்புக்கு வந்தார். என் மாமன் மகனின் பெயரைச் சொன்னார். அவனுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. "இவனுக்குத் தனிப் பாடு" என்று சொல்லி அவர் இன்னும் வாயை மூடவில்லை, நான் நின்றுகொண்டிருந்தேன்.

நானாக எழுந்திருக்கவில்லை. கால்கள் எழுந்தன, நான் கூடப் போனேன்.

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"இன்னாமா?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல தலைவரே. காலு..."

"காலுக்கு இன்னா?"

"உக்கார முடியல."

அதற்குள் மாமா கத்த ஆரம்பித்துவிட்டார். "சொந்தத் தங்கச்சி பொண்ணு! என் புள்ளையோட பாட்டுக்கு எந்திரிச்சு நிக்குது! எவ்ளோ நாளா மனசுல வெச்சிக்கினு இருந்தே மாப்ள?" இந்தக் கடைசிக் கேள்வி நைனாவுக்கு. பாவம், நைனா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கையை விரித்தார். கை விரித்ததும் தப்பாகிவிட்டது. அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

நான் சொல்லிப் பார்த்தேன். மறுப்பு இல்லை, மறுப்பு இல்லை என்று கெஞ்சிப் பார்த்தேன். தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் முறை என்று வந்துவிட்டால் பாறை. "எந்திரிச்சாச்சுன்னா எந்திரிச்சதுதான்மா. இன்னிக்கு ஒனக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு அவனவன் எந்திரிச்சிட்டு காலு வலின்னுவான். அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். காரணத்த எழுதிக்கோ."

யார் எழுதுவது? நான்தான். 'மறுத்தவர்: எழுதுபவர். காரணம்: கால்.' பி.காம். படித்துவிட்டு என்னைப் பற்றி நானே எழுதிய முதல் அதிகாரபூர்வமான வரி இது.

மாமா சும்மா விடவில்லை. என்னை எடுத்துவிட்டுத் தன் இளைய மகனை எழுத வைக்க வேண்டும் என்றார். அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன், தன் பெயரையே இரண்டு விதமாக எழுதுகிறவன். ஆனால் அசையாமல் உட்காருவான், அதில் குறை சொல்ல முடியாது. தலைவர் யோசித்தார். "அடுத்த கூட்டம் முடியற வரைக்கும் உக்காந்து காட்டட்டும். இல்லன்னா பாயைச் சுருட்டிடலாம்" என்றார்.

அன்றிலிருந்து என் கால்கள் ஊர்ச் சொத்து ஆகிவிட்டன.

ஒருவர் பூண்டு காய்ச்சின எண்ணெய் கொண்டு வந்தார். ஒருவர் விளக்கெண்ணெய். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னார் ஒருவர். உப்புத் தண்ணீரில் பிறந்து உப்புத் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் உப்பாம். அம்மாவுக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. கடையிலிருந்து திரும்பும்போது நான் டச்சுக்காரர்களின் கல்லறையைத் தாண்டித்தான் வர வேண்டும். அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். "அந்த எலும்பன்தான் ஒன் காலைப் புடிச்சிக்கினான்" என்று சொல்லி, மிளகாயும் உப்பும் எடுத்துவந்து அந்த வாசலிலேயே எனக்குச் சுற்றிப் போட்டாள். சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு கூட்டம் அதை போட்டோ எடுத்தது. படித்த பெண், தலைகுனிந்து நின்றேன். எத்தனையோ தலைமுறையாக அந்த எலும்புக்கூடுகள் நின்றுகொண்டே இருக்கின்றன, அவற்றை யாரும் என்ன மறுப்பு என்று கேட்கவில்லை என்று அப்போது தோன்றியது.

அம்மா என் கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினாள். என் கடை முதலாளி பாய், அந்தக் காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பத்துக்காரர், அவர் பங்குக்குத் தர்காவிலிருந்து ஒரு பச்சைக் கயிறு வாங்கிவந்து கொடுத்தார். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பச்சை. ஆடுவது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் நானே பொன்னேரிக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் கூட வந்தாள். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். "சாயங்காலத்துக்கு மேலதான் ஜாஸ்தியா? எழுந்து நடந்தா நின்னுடுதா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் சொல்லாமலே புரிந்துகொண்ட முதல் ஆள். இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயராம், ஓய்வு கொள்ளாத கால்கள். எத்தனையோ பேருக்கு இருக்கிறதாம். இரும்புச்சத்து குறைந்தாலும் வருமாம். அதனால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எனக்குக் குறைவில்லை. மாத்திரை உண்டு, ஆனால் இப்போதைக்கு வேண்டாம், முதலில் டீயைக் குறை, தினமும் நட, படுக்கும் முன் கெண்டைக்காலை இழுத்து நீட்டு, ஒரே நேரத்தில் படு, ஒரே நேரத்தில் எழுந்திரு, அப்படியும் குறையவில்லை என்றால் வா என்றார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "காலுக்குப் பேரு வெக்கவாடி பொன்னேரி வரைக்கும் வந்தோம்?"

டீயைக் குறைப்பது சுலபம் என்று நினைக்கிறீர்களா? எங்கள் கடையில் டீ வேண்டாம் என்று சொல்வது பாயின் வீட்டுச் சாப்பாட்டைத் தட்டிவிடுவதற்குச் சமம். "இன்னாமா, நம்ம டீ புடிக்கலியா?" என்றார். மறுநாள் ஏலக்காய் போட்ட டீ வந்தது. அதற்கு மறுநாள் எலுமிச்சை பிழிந்த டீ. டீ வேண்டாம் என்றால் வேறு டீ வேண்டும் என்றே அவருக்குப் புரிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் வேண்டாம் என்று விளக்கிச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு வேறு நோயே வந்துவிடும் போல் இருந்தது.

ஷேர் ஆட்டோவை விட்டேன். கடையிலிருந்து வீடு வரை ஏரிக்கரையோடு நடந்தே வந்தேன். கெண்டைக்காலை நீட்டுவதற்கு ஒரு சுவர் வேண்டும், இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்த வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர் ஓலை. அதனால் கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகில் கையை ஊன்றினேன். முதல் நாளே தூரத்திலிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் என் பக்கத்தில் தோளைக் கொடுத்து, "ஏலேலோ" என்று ஆரம்பித்தேவிட்டார். படகு தண்ணீரைப் பார்த்து ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

"போதும்ணே, போதும்! தள்ளல!"

"பின்ன இன்னாத்துக்கு அதைப் புடிச்சிக்கினு நிக்கிற?"

"காலை நீட்டறேன்."

"கால நீட்டறதுக்குப் படகா?"

படகை மறுபடி மேலே ஏற்ற அவர்களுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. படகுக்குச் சொந்தக்காரர் அன்று சாயங்காலம் வந்து, தன் படகை நான் ஏன் தண்ணீரில் இறக்கப் பார்த்தேன் என்று நைனாவிடம் நியாயம் கேட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குறைந்தது. ஒரே நாளில் இல்லை. வாரங்கள் போகப் போக, நண்டுக்குஞ்சுகள் தாமதமாக வந்தன, சீக்கிரம் போயின. படுக்கும் முன் கெண்டைக்காலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எனக்கு நன்றாகக் கேட்டது. இன்னொன்றும் கவனித்தேன். கையும் புத்தியும் ஏதாவது ஒன்றில் முழுசாக இருந்தால் கால் அடங்கியிருக்கிறது, சும்மா காத்திருந்தால்தான் கிளம்புகிறது. தூங்க ஆரம்பித்தேன். பல வருடமாக எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை என்பது தூங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது கூட்டம் வந்தது. டீ குடிக்கவில்லை. நீண்ட வழியாகச் சுற்றி நடந்து போனேன். கூடத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், கோயில் மதிலில் கையை ஊன்றிக் காலை நீட்டிக்கொண்டேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். மாமா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் தாங்கியது. நானே ஆச்சரியப்பட்டேன். மாமன் மகனின் பாட்டைக் கடைசியாக வைத்திருந்தார்கள். அதற்கு வரும் நேரம் பார்த்துத் தலைவருக்கு போன் வந்தது. வியாபாரி யாரோ. தலைவர் நண்டு விலை பேசினார், இறால் விலை பேசினார், அவர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் விசாரித்தார். எழுத ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும்.

வலது காலில் முதல் நண்டு ஊர்ந்தது.

அடக்கிப் பார்த்தேன். அடக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன தடவை போலவே, அந்தப் பெயர் வாயிலிருந்து விழும் நேரத்தில் தூக்கிவிடும். அவனுடைய பாடும் போகும், என் பாயும் போகும். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. காலின் மேல் இல்லை. டீ விட்டேன், நடந்தேன், படகு தள்ளினேன் என்று பேர் வாங்கினேன், எழுத்தில் ஒரு பிழை விடவில்லை. எழுதுவது கை. இவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தலைவர் போனை வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் பேனாவை உயரத் தூக்கிக் காட்டினேன்.

"தலைவரே, நான் எந்திரிக்கப் போறேன். மறுப்பு இல்ல. நின்னுக்கினே எழுதப் போறேன். எல்லாரும் பாத்துக்கோங்க."

எழுந்து நின்று, நோட்டை முன்கையில் வைத்துக்கொண்டு, எழுதத் தயாரானேன். கால்கள் உடனே அடங்கின.

"ஐயோ, உக்காருமே!" மாமா பதறிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு பேருதான்! ஒரு பேருக்கு உக்காரக் கூடாதா?"

"உக்காந்தா கால்தான் மாமா எந்திரிக்கும். இப்ப நானாத்தான் எந்திரிச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க தலைவரே."

கூடத்தில் சலசலப்பு. சிலர் சிரித்தார்கள். நைனா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. தலைவர் தாடையைத் தடவினார். "எழுதறவங்க நின்னுக்கினே எழுதினா இன்னா தப்பு? ஆனா அதுக்குன்னு ஒரு மொறை வேணுமே. நாளைக்கு நெசமாவே இந்தப் பொண்ணுக்கு ஒரு மறுப்பு இருந்தா எப்படித் தெரியும்?"

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. கையை ஆட்டிக்கொண்டு நக்கலாகச் சொன்னார். "ஆமா, ஆமா! அம்மா பேனாவக் கீழ வெச்சாத்தான் மறுப்புன்னு வெச்சிக்கலாம்! பேனா கையில இருக்கறவரைக்கும் இன்னா வேணா ஆடட்டும்!"

தலைவர் அவரைப் பார்த்தார். "நல்ல யோசனைதான்பா. எழுதிக்கோமா."

நான் நின்றுகொண்டே எழுதினேன்: 'எழுதுபவர் நின்று எழுதலாம். பேனாவைக் கீழே வைத்தால் மட்டுமே மறுப்பு.' அதற்குக் கீழே என் மாமன் மகனின் பெயரையும், அவனுக்குத் தனிப் பாடு என்பதையும் எழுதினேன். பேனா என் கையிலேயே இருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் கூடத்தில் ஒரு பெண்ணின் மறுப்புக்கு ஒரு முறை எழுத்தில் ஏறிவிட்டது. யாரும் அதை அப்படி நினைத்து எழுதச் சொல்லவில்லை. மாமா நக்கலாகச் சொன்னது அது.

என் கால்கள் முழுசாகக் குணமாகிவிட்டன என்று சொல்ல மாட்டேன். மழை நாட்களில், நடக்க முடியாதபோது, நண்டுகள் திரும்பி வரும். அந்தக் கறுப்புக் கயிறும் பச்சைக் கயிறும் இன்னும் அவிழ்க்கப்படவில்லை, அவிழ்த்தால் இரண்டு வீட்டில் சண்டை வரும். ஆனால் அடங்காத ஒன்றை அடக்கு அடக்கு என்று சொல்கிறவர்களுக்கு நான் இப்போது விளக்கம் கொடுப்பதில்லை. எழுந்து நின்று வேலையைப் பார்க்கிறேன்.

போன வாரம் எங்கள் ஊரில் படகு கட்டும் ஆசாரியிடம் சொல்லி, பழைய படகுப் பலகையில் என் முழங்கை உயரத்துக்கு ஒரு மேசை செய்து வாங்கி, கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பேனாவைக் கீழே வைக்க அதில் ஒரு பள்ளமும் வெட்டச் சொல்லியிருந்தேன்.